பன்னிரண்டு கைப்பிடி

அத்தியாயம் ஏழு

குரங்கணியைத் தாண்டி மூன்றாவது வளைவில் ஜீப்பு நின்றுவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. காலையிலிருந்து என் முழங்காலும் அதைத்தான் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டி நிக்கலக்கா, யோசிக்குது," என்றான் சின்ராசு, பானட்டைத் திறந்தபடி. "மேல போயி என்னத்தக் கிழிக்கப் போறோம்னு."

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன். நீ தண்ணிய ஊத்து."

என் பெயர் அனுசியா. போடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறேன். பதினாறு வருடமாக நான் துப்பறிந்தது பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எவ்வளவு என்பதைத்தான். சின்ராசு என் உதவியாளன், முன்னாள் எஸ்டேட் டிரைவர், நாற்பது வயது. எந்த வண்டியையும் ஓட்டுவான். அவன் வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

பின் சீட்டில் முத்துப்பேச்சி, கையில் ஒரு தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். அதில் அவள் புருஷனுக்குக் கொண்டுபோன சாப்பாடு இருந்தது. ஸ்டேஷனில் வாங்கவில்லை என்று அப்படியே திருப்பிக் கொண்டு வந்திருந்தாள்.

அவள் புருஷன் சுருளி, மேலே மகாராணியம்மா எஸ்டேட்டில் காவல்காரன். ஞாயிற்றுக்கிழமை மொத்த எஸ்டேட்டும் போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. சுருளி மட்டும் கேட்டில் காவல் இருந்தான். திங்கட்கிழமை காலை ஸ்டோரைத் திறந்தால், உலர்த்தி வைத்த ஏலக்காயில் ஆறு மூட்டை இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டுதான். ஒன்று முதலாளியம்மாவின் இடுப்பில், இன்னொன்று சுருளியிடம். மலையிலிருந்து இறங்க இருப்பது ஒரே ஜீப்பு ரோடு, அதுவும் சுருளியின் கேட் வழியாக. எஸ்.ஐ.க்கு இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இன்று புதன். எனக்குத் தெரிந்தவர் என்பதால் மாலை ஐந்து மணி வரை பொறுக்கிறேன் என்றார். அதற்கு மேல் சுருளி கோர்ட்டுக்கு, அங்கிருந்து ஜெயிலுக்கு.

"அவுக ஒரு காயக்கூட வாயில போட்டுக்கிட மாட்டாக ஆத்தா," என்றாள் முத்துப்பேச்சி, காலையிலிருந்து நான்காவது முறையாக. "ஜெயிலுக்குப் போயிட்டா எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாக. எங்கிட்டுப் போவேன்?"

ஜீப்பு யோசித்து முடித்துக் கிளம்பியது.

எஸ்டேட் வாசலிலேயே சத்தம் கேட்டது.

"டேய் நிலவா! அந்தப் பையை ஸ்டோர்ப் பக்கம் வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? ஏலக்கா எல்லா வாடையையும் குடிச்சுக்கிரும். அப்புறம் ஏலத்துக்குப் போகாது, மீன் கடைக்குத்தான் போகும்!"

மகாராணியம்மாவுக்கு அறுபது வயது. ஒல்லியான உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, முப்பத்தெட்டு வருடம் மலை ஏறி இறங்கிய கால். புருஷன் போன பிறகு எஸ்டேட்டைத் தனியாகக் கட்டிக் காத்தவர். மகன் நிலவன் சென்னையில் விடுதியில் படித்து வளர்ந்தவன். அவன் ஒரு நீளமான பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வாசலிலிருந்து அசட்டையாக நகர்ந்தான். அந்தப் பை என்னைக் கடந்தபோது, மீன் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"புகார் குடுத்தது என் மகன்தான் தாயி," என்றார் மகாராணியம்மா, என்னைப் பார்க்காமல். "போனது போகட்டும்னு நான் சொன்னேன். கேக்கல. நீ என்ன பாக்கணுமோ பாத்துட்டுப் போ."

ஸ்டோர் ஒரு பாறை விளிம்பில் நின்றது. பின்பக்கம் இருநூறு அடிக்குச் செங்குத்துச் சரிவு, அடியில் கோவேறு கழுதைகள் போகிற பழைய பாதை. விளிம்பில் ஒரு சில்வர் ஓக் மரம். நான் உட்கார இடம் தேடித்தான் அதன் பக்கம் போனேன், துப்பு தேடி அல்ல. அடிமரத்தில் சாய்ந்தபோது விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பட்டையைக் கத்தியால் கீறியது போல மெல்லிசாக, ஆழமாக, சரிவைப் பார்த்து இறங்கியது. புதுக் காயம், இன்னும் பிசின் காயவில்லை. அதில் பச்சை நிறத்தில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தது.

சின்ராசு அதை இழுத்துப் பார்த்தான். கை சிவந்ததே தவிர நூல் அறவில்லை.

"இது துணி தைக்கிற நூல் இல்லக்கா. யானையைக் கட்டிப்போட்டு, அது தேவாரம் ஊருப் பக்கம் வயலுக்குள்ள எறங்காமப் பாத்துக்கலாம்."

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தாள். "இது சின்ன முதலாளி சுறா புடிக்கிற தூண்டி நரம்புல்ல?"

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"மலை மேல சுறா புடிக்கிறாரா?" என்றான் சின்ராசு. "அட, வெரசாப் போயிப் பாப்போம்க்கா. மேகத்துலருந்து புடிக்கிறாரோ என்னமோ."

நிலவனின் அறையில் நான்கு சுவரிலும் கடல் இருந்தது. எல்லாப் படத்திலும் அவன், ஒரு வளைந்த தூண்டில் கழி, படகின் ஓரத்தில் ஒரு சுறா.

"இது புலிச்சுறா, மேடம். பதினோரு அடி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கரையிலருந்து இருபது மைல். மூணு மணி நேரம் போராடினேன்."

"அப்புறம் குழம்பா, புட்டா?" என்றான் சின்ராசு.

"விட்டுட்டோம். படம் எடுத்துட்டு, தூண்டில் முள்ளு கிட்ட கம்பிய வெட்டி விட்டுருவோம். அதுதான் முறை."

"இத்தன பாடுபட்டுப் புடிச்சுத் திரும்பக் கடல்லயே விடுறதுக்கு, வீட்லயே இருந்திருக்கலாமே தம்பி?"

நிலவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. சுறாவைப் பற்றிப் பேச யாராவது கிடைத்தால் போதும் என்று காத்திருந்தவன் போலப் பேசினான். மீன் குடலையும் எண்ணெயையும் கடலில் ஊற்றி வாடை பரப்புவது, சூரை மீன் தலையை முள்ளில் கோப்பது, இடுப்பில் பெல்ட் கட்டிக் கழியை அதில் ஊன்றுவது என்று வரிசையாகச் சொன்னான்.

"பலத்தால சுறாவை இழுக்க முடியாது மேடம். நரம்பை ஓட விடணும். ரீல்ல பிரேக் இருக்கு. முப்பது கிலோ வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா வழுக்கி விட்டுரும். ஒரு கையால அந்தப் பிடியை மெல்ல நகர்த்தினாப் போதும். விடணும், சுத்தணும், விடணும்."

"அந்தக் கையா?" என்றேன்.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றிருந்தன.

"போன வருசம். நரம்பை விடாமக் கையில சுத்திக்கிட்டேன். அது ஓடுச்சு. விரலும் போச்சு, நானும் தண்ணிக்குள்ள போனேன். படகுக்காரர் நரம்பை வெட்டினதால பொழச்சேன். அம்மா மூணு நாள் சாப்பிடல." கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். "அதுக்காக விட முடியுமா? அந்த ஆறு மூட்டையை வித்து ஒரு படகுல பங்கு வாங்கறதா இருந்தேன். மாசக் கடைசில தூத்துக்குடிக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். சுருளி கெடுத்துட்டான்."

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிலருந்து மூணு மணி வரை கல்யாண மண்டபத்துல உன்னக் காணோம்னு சொல்றாங்களே?"

"தேனிக்குப் போனேன், பேட்டரி வாங்க. கடைக்காரரைக் கேளுங்க."

கேட்கலாம்தான். அதற்கு முன் அந்தப் பையைத் திறக்கச் சொன்னேன். பெல்ட்டை முகர்ந்தேன். அப்பா! கழியின் பிடியை முகர்ந்தேன், அதுவும் அதே கதி. கடைசியில் தேங்காய் அளவு இருந்த பெரிய ரீலைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடி முகர்ந்தேன். எலுமிச்சம்பழ வாசனை வந்தது.

"இதைக் கழுவினியா?"

"கடல்லருந்து வந்ததும் நல்ல தண்ணில அலசுவேன், உப்பு போக. வாடை எங்க மேடம் போகும்? எனக்குத்தான் அது தெரியறதே இல்ல."

வெளியே வந்ததும் சின்ராசு கையைத் தட்டினான்.

"முடிஞ்சதுக்கா! சுறாவைக் கீழருந்து மேல இழுக்குறவன், மூட்டைய மேலருந்து கீழ எறக்கியிருக்கான். மரத்துல கழியைக் கட்டி, பிரேக்கப் புடிச்சு ஒவ்வொண்ணா விட்டிருக்கான். கீழ கழுதை வச்சு ஒரு ஆளு. கேட்டுப் பக்கமே வர வேண்டாம். அஞ்சு மணிக்கு முன்னாடி சோலி முடிஞ்சது, நான் ஒரு டீ குடிச்சுக்கிறேன்."

"குடி. ஆனா அவன் இல்ல."

"ஏன்க்கா? ரீலு அவனோடது, வித்தை அவனோடது."

"அவன் தன் மூட்டையை எதுக்கு ஒளிக்கணும்? வித்துப் படகு வாங்கப் போறவன். அது கிடக்கட்டும். அந்தப் பைக்குள்ள எல்லாமே நாறுது, ரீலும் நரம்பும் மட்டும் எலுமிச்சம்பழம் மணக்குது. யாரோ தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. காயில மீன் வாடை ஏறக்கூடாதுன்னு கவலைப்பட்டுக் கழுவியிருக்காங்க. மீன் பையைக் கொண்டுபோயி ஸ்டோர் வாசல்ல வைக்கிறவனுக்கு அந்தக் கவலை வருமா? ஏலக்காய்லயே கெடந்த ஆளுக்குத்தான் வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் முத்துப்பேச்சி என் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இருபது வருசமா ஏலக்காயில கெடக்குறது எம் புருசன்தான் ஆத்தா," என்றாள்.

மணி மூன்றரை. காப்பாற்ற வந்தவள் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டேன். எனக்கு வந்த அலுப்பில் அந்தச் சரிவின் ஓரமாகவே படுத்துவிடலாம் போலிருந்தது. மாப்பிள்ளை விசாரணையில் இந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளை குடிகாரன் என்று சொன்னால் பெண் வீட்டார் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"சாமியக் கும்பிட்டுட்டு வர்றேன்," என்று முத்துப்பேச்சி ஸ்டோருக்குப் பக்கவாட்டில் போனாள். அங்கே ஒரு பலகைப் பாறையின் கீழே மஞ்சள் பூசிய சின்னக் கல் இருந்தது. கையைக் கூப்பியவள் கண்ணை மூடவில்லை. குனிந்து எதையோ பார்த்தாள்.

"இது எப்ப வச்சது?"

நானும் குனிந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. கல்லுக்கு முன்னால் ஏலக்காய், சின்னச் சின்னக் குவியலாக. பின்பக்கம் கிடந்தவை மழையில் கறுத்துப் போன பழசு. முன்னால் இருந்தவை பச்சை மாறாத புதுக் காய்.

"கைப்பிடி ஆத்தா. இந்த எஸ்டேட்டுல ஒரு மூட்டை மலை எறங்குதுன்னா, எறங்குறதுக்கு முன்னாடி அதுலருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சாமிக்கு வைக்கணும். இல்லாட்டி மலை கோவிச்சுக்கிருமாம்." அவள் நெற்றி சுருங்கியது. "ஆனா இந்த எடுப்புல பறிச்ச காயில இன்னும் ஒரு மூட்டைகூட எறங்கலையே."

"யார் வைப்பாங்க? சுருளியா?"

"ஐயோ, நாங்க தொடக்கூடாது. முதலாளியம்மா கையால மட்டுந்தான்."

சின்ராசு புதுக் குவியல்களை எண்ணினான். "பன்னெண்டு. போனது ஆறு மூட்டை, கைப்பிடி பன்னெண்டா? சாமிக்கு இந்த வருசம் டபுள் படியாக்கா?"

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு மட்டும் நிலவனின் குரல் காதில் விழுந்தது. முப்பது கிலோ வரைக்கும் தாங்கும். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. பாதிப் பாதியாகப் பிரித்தால்தான் பிரேக் நிற்கும். ஆறு மூட்டை, பன்னிரண்டு பொட்டலம். மலை இறங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லோரையும் விசாரித்திருந்தேன். மகாராணியம்மாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புருஷனை இழந்த பிறகு அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. பந்தியில் யாரும் தேடாத ஆள், அன்று எஸ்டேட்டிலேயே இருந்திருக்கிறார். எனக்கு இருபது வருடத்துக்கு முன்பே புருஷன் இறந்தாயிற்று. மற்ற யார் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது.

அவர் ஸ்டோருக்குள் மேஜை முன் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு கையால நகர்த்தினாப் போதும்னு நிலவன் சொன்னான்மா. அந்தப் பிரேக்கை."

பொறுக்கிய விரல்கள் நின்றன.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. மகனைப் பார்த்துப் பார்த்தே ரீலைப் பழகிட்டீங்க. வாடை ஏறாம எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சீங்க. ஆனா சாமிக்குக் கைப்பிடி வச்சீங்களே? தன் மூட்டையைத் தானே திருடுறப்பக்கூடவா?"

கையிலிருந்த காயை அவர் மேஜையில் வைத்தார்.

"முப்பத்தெட்டு வருசம் தாயி," என்றார். "வைக்காம ஒரு மூட்டையும் எறங்கினதில்ல. கை தன்னால போயிருச்சு. வச்ச பெறகுதான் வச்சதே தெரிஞ்சுச்சு. எடுக்க மனசு வரல, சாமிக்கு வச்சதாச்சே."

"மூட்டை எங்க?"

"சிலமலையில, எந் தம்பி வீட்ல. கழுதை கொண்டாந்தது அவன்தான்." குரல் மெல்ல உயர்ந்தது. "காயி இருந்தா வித்துப் படகு வாங்குவான். காயி இல்லாட்டி இந்த வருசம் போகமாட்டான். வேற என்ன செய்யச் சொல்ற? கடலு ரெண்டு விரலோட விட்டுச்சு. அடுத்த தடவ அவனையே கேக்கும். ஒத்தப் புள்ள!"

"சுருளி?"

"புகார் குடுப்பான்னு நான் கண்டேனா? குடுத்த பெறகு எப்பிடி வாயத் தெறக்குறது? சுருளி ரெண்டு மாசத்துல வந்துருவான் தாயி. ஜெயிலுக்குப் போனவன் வருவான். கடலுக்குப் போனவன் வருவானா?"

அந்த நேரத்தில் எனக்கு அவர் மீது இரக்கமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் தாங்க உடம்பில் தெம்பு இல்லை.

"மணி நாலே கால். எஸ்.ஐ. நம்பர் போட்டுத் தர்றேன், பேசுங்க."

"கல்லு முன்னாடி கெடக்குற காயி வந்து சாட்சி சொல்லுமாக்கும்?"

"சொல்லாது. உங்க மகனைக் கூப்பிட்டு, ரீலை மோந்து பார்க்கச் சொல்லுவேன். மீன் வாடை தெரியாட்டியும் எலுமிச்சம்பழ வாசனை அவனுக்குத் தெரியும், யார் கழுவினதுன்னும் புரிஞ்சுக்குவான்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே மகன் இல்லை. தூக்குவாளியோடு முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை, முகத்திலேயே இருந்தது.

மகாராணியம்மா போனை வாங்கினார்.

"ஐயா, மூட்டை களவு போகல. நாந்தான் எறக்கினேன்... ஆமா, நானேதான். சுருளிய அனுப்பிச்சு விட்ருங்க." போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்: "முத்துப்பேச்சி, நாளைக்கு ரெண்டு பேரும் வேலைக்கு வந்துருங்க. லயத்து வீடு உங்களுக்குத்தான்."

முத்துப்பேச்சி மேஜை அருகே வந்தாள். முதலாளியம்மா பொறுக்கி வைத்திருந்த நல்ல காயில் கையைவிட்டு, ஒரு பிடி அள்ளினாள். இருபது வருடமாக அந்த மேஜையைத் தொடாதவள். மகாராணியம்மாவின் வாய் திறந்து மூடியது. முத்துப்பேச்சி நேராகப் போய், மஞ்சள் கல்லின் முன், அந்தப் பன்னிரண்டு குவியலுக்குப் பக்கத்தில் தன் கைப்பிடியை வைத்தாள்.

"முத்துப்பேச்சி, நீ தொடக்கூடாதுல்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

"நாங்களும் ஒரேயடியா மலை எறங்குறோம்ல முதலாளியம்மா," என்றாள் அவள். "வைக்காமப் போனா எப்பிடி?"

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை. புருஷன் வெளியே வரும்போது பசியோடு இருப்பார், குரங்கணியில் எங்காவது இந்தச் சோற்றைச் சூடு பண்ணித் தருவார்களா என்று மட்டும் கேட்டாள்.

சின்ராசு சாவியைத் திருப்பினான். ஜீப்பு முதல் தடவையிலேயே கிளம்பியது.